ழாத்தின் கீழே ஒரு புள்ளி

கற்பிட்டியில் நோன்பு மாதத்தை ரமழான் என்றுதான் எழுதுவோம். தொழுகைக்கு முன் செய்வது வுழூ. இரண்டிலும் அரபியில் இருப்பது ஒரே எழுத்து. இன்றைய அரபியர் அதை அழுத்தமான டகரமாக ஒலிப்பார்கள். நாங்கள் அதன் பெயரையே 'ழாத்' என்கிறோம். தமிழை அரபு எழுத்தில் எழுதும் அரபுத்தமிழின் ழகரம் இந்த உச்சரிப்பிலிருந்து பிறந்தது என்பது என் துணிபு. ழாத்தை அப்படியே எடுத்து, மேலே உள்ள புள்ளிக்கு நேர் கீழே இன்னொரு புள்ளி வைத்தார்கள். குர்ஆன் ஓதும் எழுத்தில் கை வைக்கவில்லை. ஜப்பானியரும் சீன எழுத்தை ஒலிக்காகவும் எடுத்தார்கள்; ஆனால் அவர்களுடைய ஹிரகனா 'அ', அமைதி என்று பொருள்படும் சீன எழுத்தை விரைந்து எழுதி எழுதி உருக்குலைந்து வந்தது. நம்முடையது உரு மாறாமல் புள்ளி மட்டும் பெற்றது.

என் உம்மும்மாவுக்குத் தமிழெழுத்து தெரியாது. மக்தப் என்னும் ஓதற்பள்ளியில் கற்ற அரபு எழுத்தைக் கொண்டே கீழக்கரை மாப்பிள்ளை லெப்பை ஆலிமின் (1816–1898) அரபுத்தமிழ் நூலான 'மகானி'யை வாசிப்பார். களப்புக் காற்றில் நைந்துபோன அந்தக் கல்லச்சுப் பிரதியைத்தான் இப்போது பக்கம் பக்கமாகப் பெயர்த்தெழுதுகிறேன்.

ழகரம் வரும் இடமெல்லாம் கை தயங்கும். கலம் என்னும் மூங்கில் எழுதுகோலின் சரிந்த நுனியால் முதலில் நீள்வட்ட வயிறு, அதன் இடப்புறம் சிறு பல். 'பழம்' என்றால் பல்லோடு கோடு அடுத்த எழுத்துக்கு ஓடிவிடும். கீழ்ப்புள்ளியை வயிற்றின் அடியில் வைத்தால் போதும். 'தமிழ்' என்று எழுதும்போதுதான் சோதனை. சொல்லின் கடைசியில் ழகரம் கிண்ணமாகக் கீழே இறங்கும். மெய்யெழுத்து என்பதால் மேற்புள்ளிக்கும் மேலே, உயிரொலி இல்லை என்று காட்டும் ஸுகூன் குறி ஏற வேண்டும். கீழ்ப்புள்ளிக்குக் கிண்ணத்தின் அடிதான் இடம். அங்கே அடுத்த வரியின் குறிகள் வந்து முட்டும். ஆகவே வரிகளுக்கிடையே ஒரு புள்ளியளவு கூடுதலாக இடம் விட்டே தாளைக் கோடிடுகிறேன். புள்ளியையும் வரையக் கூடாது: கலத்தை ஒருமுறை அழுத்தி எடுத்தால் சாய்சதுரமாக விழ வேண்டும்.

கீழ்ப்புள்ளி விடுபட்டால் அது வெறும் அரபு ழாத். பழகிய கண் தமிழ்ச்சொல்லை ஊகித்துவிடும். உம்மும்மா ஊகித்திருப்பார். இனி வாசிக்கப்போகும் என் பேத்தி, எழுத்துக்கூட்டித்தான் வாசிப்பாள். அதனால் ஒவ்வொரு பக்கம் முடிந்ததும் மை காய்வதற்குள் ழகரங்களை மட்டும் தேடி, வலமிருந்து இடமாக, கீழ்ப்புள்ளிகளை எண்ணிப் பார்க்கிறேன்.