உறங்காத பெட்டி

மின்சாரக் கணக்கு வருகிற நாளன்று நான் சமையலறையை விட்டு வெளியே தலை காட்டுவதில்லை. இவர் மூக்குக் கண்ணாடியை மாட்டிக்கொண்டு, மிக்ஸி, கிரைண்டர், இஸ்திரிப் பெட்டி என்று ஒவ்வொன்றாகக் குற்றவாளிக் கூண்டில் ஏற்றுவார். ஆனால் 2011-ஆம் வருஷம் ஒரு நாள் குற்றவாளி சமையலறையில் இல்லை. பையனின் அறையில் ராத்திரியெல்லாம் உர்ரென்று இரைந்துகொண்டிருந்த கம்ப்யூட்டர்தான்!

"100 வாட் இழுக்கிறது என்று வைத்துக்கொள். பத்து மணி நேரத்துக்கு ஒரு யூனிட். இரண்டு மாசத்துக்கு 60 யூனிட்! தூங்குகிறவனுக்கு எதற்கடா கம்ப்யூட்டர்?" என்று இரைந்தார்.

பையன் அப்போது காலேஜில் இரண்டாம் வருஷம். பதில் சொல்லாமல் திரையைக் காட்டினான். பல வர்ணக் கோலிக்குண்டுகளை ஒட்டவைத்தது போல் ஏதோ ஒன்று சுழன்றுகொண்டிருந்தது. ஓரத்தில் ஒரு சதவிகிதக் கணக்கு எறும்பாக ஊர்ந்தது.

"இது நமக்காக ஓடவில்லை, அப்பா. ஜப்பானில் சிபா புற்றுநோய் நிலையத்துக்காக ஓடுகிறது. நியூரோப்ளாஸ்டோமாவுக்கு மருந்து தேடுகிறார்கள்."

இவர் கண்ணாடியைக் கழற்றிவிட்டார். ஒரு வார்த்தை பேசவில்லை.

அந்தப் பெயரை எங்கள் வீட்டில் ஐந்து வருஷமாக யாரும் வாய்விட்டுச் சொன்னதில்லை. என் தங்கையின் பெண் குட்டி 2006-ல், நாலாவது வயசில், அந்த நோயில்தான் போனாள். முதிராத நரம்பு அணுக்களில் உண்டாகும் கட்டி அது. பெரும்பாலும் சிறுநீரகத்தின் மேல் இருக்கும் சுரப்பியில் ஆரம்பிக்கும். ஐந்து வயசுக்கு உட்பட்ட பிஞ்சுகளைத்தான் அதிகமாகப் பிடிக்கும். வயிறு உப்புசம் என்று நினைத்து நாங்கள் ஓமத் தண்ணீர் கொடுத்துக்கொண்டிருந்தோம். அதைப் பற்றி இதற்கு மேல் எழுத எனக்குத் தெம்பில்லை.

பையன் சொன்ன விஷயத்தை நான் என் வழியில்தான் புரிந்துகொண்டேன். கல்யாண வீட்டில் பத்து மூட்டை அரிசி வந்து இறங்குகிறது. ஒருத்தி உட்கார்ந்து கல் பொறுக்கினால் முகூர்த்தம் முடிந்தாலும் வேலை முடியாது. தெருவில் வீட்டுக்கு ஒரு முறம் கொடுத்தால்? சாயங்காலத்துக்குள் சுத்தமாகிவிடும். 2004-ல் ஐ.பி.எம். கம்பெனி ஆரம்பித்த 'வேர்ல்ட் கம்யூனிட்டி கிரிட்' செய்ததும் அதுதான். நாம் ஒரு கடிதம் அடிக்கும்போது கம்ப்யூட்டரின் மூளை பெரும் பகுதி சும்மா கிடக்கிறதாம். அந்தச் சும்மா இருக்கும் நேரத்தை உலகம் முழுவதும் வீடு வீடாகக் கேட்டு வாங்கி, ஆளுக்கு ஒரு முறம் கணக்கு அனுப்பினார்கள்.

சிபாவில் டாக்டர் நாககவாரா என்பவரின் கூட்டத்தார் 2009-ல் இதில் சேர்ந்தார்கள். அந்தக் கட்டியின் அணுக்களில் டி.ஆர்.கே.பி. என்று ஒரு புரதம் உண்டு. அணு பெருகுவதற்கு அது துணை போகிறது. அதில் போய்ச் சரியாக உட்கார்ந்து, அதன் வாயை அடைக்கக் கூடிய ரசாயனப் பொருள் எது? பார்க்க வேண்டியவை 30 லட்சம்! ஒவ்வொன்றையும் கண்ணாடிக் குழாயில் போட்டுப் பார்க்க ஆயுசு போதாது. அதனால் முதலில் கம்ப்யூட்டரில் பொருத்திப் பார்த்தார்கள்.

இவர் அதற்குப் பிறகு அந்தப் பெட்டியைப் பற்றி வாய் திறக்கவில்லை. ஆனால் ஒன்று சொல்ல வேண்டும். இதை 'செலவில்லாத தர்மம்' என்று சொல்பவர்களை நான் ஒப்புக்கொள்ள மாட்டேன். கட்டணம் கட்டுகிற கைக்குத்தான் தெரியும். தர்மம் என்றால் செலவு உண்டு.

அந்த வருஷம் தங்கை எங்களோடு ஒரு வாரம் தங்க வந்தாள். அவளிடம் சொல்லக் கூடாது என்று பையனுக்குக் கண்டிப்பாகச் சொல்லி வைத்திருந்தேன். வந்த அன்றைக்கே அந்த அறைக்குள் போய்விட்டாள்.

"என்னடா இது, ஜவ்வுமிட்டாய் மாதிரி சுற்றுகிறது?"

பையனுக்குப் பொய் சொல்ல வராது. சொல்லிவிட்டான். நான் வாசற்படியில் நின்று கையைப் பிசைந்தேன். அவள் அழவில்லை. நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு வெகு நேரம் திரையையே பார்த்துக்கொண்டிருந்தாள். கடைசியில், "இதைத் தொட்டால் நின்றுவிடுமா?" என்று மட்டும் கேட்டாள்.

அன்று ராத்திரி மின்சாரம் போயிற்று. அப்போதெல்லாம் மின்வெட்டு சகஜம். புழுக்கத்தில் எல்லோரும் எழுந்து உட்கார்ந்திருந்தோம். விளக்கு வந்ததும் நாங்கள் மின்விசிறியைத் தேடினோம். அவள் அந்த அறைக்கு ஓடினாள்.

"போட்ட கணக்கெல்லாம் போய்விட்டதா, கண்ணா?"

"இல்லை சித்தி. அவ்வப்போது எழுதி வைத்துக்கொள்ளும். கடைசியாக எழுதிய இடத்திலிருந்து தொடரும். பட்டனை மட்டும் அழுத்த வேண்டும்."

ஊருக்குப் போகிற வரையில் அந்தப் பட்டனை அவள்தான் அழுத்தினாள். வேறு யாரையும் விடவில்லை.

2014-ல் சேதி வந்தது. 30 லட்சத்தில் ஏழு தேறியிருந்தன. எலிகளுக்குக் கொடுத்துப் பார்த்ததில் கட்டி சுருங்கிற்றாம். பையன் போனில் சித்தியிடம் உற்சாகமாகச் சொல்லிக்கொண்டிருந்தான்.

"ஏழா?" என்றாள் அவள். "நம் பெட்டி பார்த்ததில் ஏதாவது அந்த ஏழில் உண்டா?"

"தெரியாது, சித்தி. அநேகமாக நாம் பார்த்ததெல்லாம் 'இல்லை, இல்லை' என்றுதான் இருக்கும்."

"இருக்கட்டும். யாராவது ஒருவர் பார்த்து இல்லை என்று சொல்ல வேண்டியதுதானே?"

எனக்கு அப்போது கொஞ்சம் ஏமாற்றமாகத்தான் இருந்தது, மறைப்பானேன்? எலியிலிருந்து குழந்தைக்கு வருகிற வழி நீளமானது. அந்த ஏழும் கடையில் விற்கிற மருந்தாகிவிடவில்லை. தங்கைக்கும் அது தெரியும். டாக்டர்களிடம் அலைந்தவளுக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை.

பையன் வேலை கிடைத்து மடிக் கம்ப்யூட்டர் வாங்கியதும், பழைய பெட்டியைத் தங்கை கேட்டு வாங்கிக்கொண்டு தஞ்சாவூருக்குப் போனாள். 2017 ஜனவரியில் அந்தக் கூட்டத்தார் குழந்தைப் புற்றுநோய்க்கென்றே அடுத்த ஆராய்ச்சியை ஆரம்பித்தார்கள். இந்த முறை ஒன்றல்ல, பல புரதங்கள். அதைச் சொல்லலாம் என்று ஒரு சாயங்காலம் அவளுக்குப் போன் செய்தேன். பாதிப் பேச்சில் என்னை நிறுத்தினாள்.

"இரு அக்கா, இப்போதுதான் கரண்ட் வந்தது. பட்டனை அழுத்திவிட்டு வந்து பேசுகிறேன்" என்று போனை வைத்துவிட்டாள்.