ஆயிலில் கலந்த தண்ணி

சித்திரையில ஒரு நல்ல மழை. ஈரம் காயறதுக்குள்ள கோடை உழவு ஓட்டிடணும். விடியக்காலையில டிராக்டரின் ஆயில் குச்சியை உருவிப் பார்த்தேன். அளவு கூடியிருந்தது; நிறம் பால் விட்ட டீ மாதிரி. ரேடியேட்டரைத் திறந்தால் தண்ணி இறங்கியிருந்தது. அங்க குறைஞ்சது இங்க ஏறியிருக்கு.

வண்டிக்கு இருபத்தாறு வயசு. ‘இன்னைக்கு மட்டும் ஓட்டிக்கலாம்’னு மனசு சொல்லுச்சு. மெக்கானிக்குக்குப் போன் போட்டேன். “ஸ்டார்ட் பண்ணாதீங்கண்ணே. தண்ணி கலந்த ஆயில்ல ஓட்டினா கிராங்க் பேரிங் போயிடும்”னார்.

கழட்டினால் ஹெட் கேஸ்கெட் நல்லாத்தான் இருந்தது. லைனருக்கு அடியில இருக்குற ரப்பர் வளையம்தான் இத்துப் போயிருந்தது. லைனர் வெளிப்பக்கம் பூராவும் துரு, உப்பு. கூலன்ட்டுக்குக் காசு பார்த்து வருஷக்கணக்கா போர்த் தண்ணியை ஊத்தினவன் நான்தான்.

வளையமும் ஃபில்டரும் மாத்தி, புது ஆயில் ஊத்திக் கொஞ்ச நேரம் ஓடவிட்டு, அதையும் வடிச்சிட்டு மறுபடி ஆயில் ஊத்தினோம். நாலு நாள் ஆச்சு. ஈரம் போயிடுச்சு, அந்த மழைக்கு நான் உழவே இல்லை.

வருத்தம்தான். ஆனா ஈரம் போனால் இன்னொரு மழை வரும். கிராங்க் போயிருந்தால் வண்டியே போயிருக்கும். நீங்களும் பழைய கார் வச்சிருந்தால், காலையில கிளப்புறதுக்கு முன்னாடி அந்தக் குச்சியை ஒருதடவை உருவிப் பாருங்க.