கடைமடை காய்ந்த கதை

திருவாரூர் மாவட்டத்தில் ஒரு கடைமடைக் கிராமம். அங்கே இரண்டு ஏக்கரில் கோடைப் பருத்தி போட்டிருந்தார் அந்த விவசாயி. வயது 56. கத்திரி வெயில் நேரம், பஞ்சு வெடித்து நிற்கிறது, எடுப்புக்கு ஆள் கிடைக்கவில்லை. ஒரு மழை வந்தால் அத்தனையும் வீண். அவரும் மனைவியும் விடியற்காலையில் இறங்கினால் மத்தியானம் 2 மணி வரை வயல்தான்.

மூன்றாம் நாள் அவருக்கு வயிற்றுப்போக்கு. கூடவே இடுப்புவலி. மெடிக்கலில் கேட்டு வாங்கிய வலி மாத்திரையைக் காலையும் மாலையும் போட்டுக்கொண்டு வேலையைத் தொடர்ந்தார். வழக்கமாகச் சாப்பிடும் ரத்த அழுத்த மாத்திரையையும் விடவில்லை. தண்ணீரை மட்டும் குறைத்துக்கொண்டார். 'குடிச்சா இன்னும் போகும்' என்ற பயம்.

ஐந்தாம் நாள் காலை மனைவிதான் கேட்டார்: "என்னங்க, நேத்து மத்தியானத்துலேருந்து நீங்க ஒண்ணுக்குப் போன மாதிரியே தெரியலையே?"

"உள்ள தண்ணி இருந்தாத்தானே வரும்" என்று சொல்லிவிட்டுத் திண்ணையில் சாய்ந்தார். எழுந்தபோது தலை சுற்றியது. அந்த அம்மா பஞ்சு மூட்டையை அப்படியே போட்டுவிட்டு, ஆட்டோ பிடித்து அவரை அரசு மருத்துவமனைக்குக் கொண்டுபோனார்.

ரத்தப் பரிசோதனையில் கிரியேட்டினின் 4.6. ஒன்றை ஒட்டி இருக்க வேண்டிய அளவு அது.

"எனக்குச் சர்க்கரைகூட இல்லையே டாக்டர், கிட்னி எப்படிக் கெடும்?" என்றார் விவசாயி.

டாக்டர் பொறுமையாக விளக்கினார். இதயம் ஒரு நிமிடத்துக்குச் சுமார் 5 லிட்டர் ரத்தத்தை அனுப்புகிறது. அதில் ஏறக்குறைய 1 லிட்டர் சிறுநீரகங்களுக்குப் போகிறது. வியர்வையிலும் பேதியிலும் உடம்பு வற்றும்போது, மூளையையும் இதயத்தையும் காப்பாற்றுவதற்காகச் சிறுநீரகத்தின் பங்கை உடம்பே குறைத்துவிடும். அப்போதும் சிறுநீரகம் தன் ரத்தக் குழாயை விரித்துக்கொண்டு சமாளிக்கப் பார்க்கும். வலி மாத்திரை அந்த விரிவைத் தடுத்துவிடுகிறது. சில வகை பிரஷர் மாத்திரைகள் சிறுநீரகத்தின் வடிகட்டும் அழுத்தத்தையும் இறக்கிவிடும். மூன்றும் ஒன்றாகச் சேர்ந்ததுதான் வினை.

கேட்டுக்கொண்டிருந்தவர் சொன்னார்: "எங்க ஊரு வாய்க்கா மாதிரிதான் இருக்கு டாக்டர். ஆத்துல தண்ணி கொறைஞ்சா மொதல்ல காயுறது கடைமடை. அதுலயும் நானே மதகை அடைச்சிருக்கேன்."

டாக்டர் சிரித்தார். "அதேதான் ஐயா. வாடின பயிருக்கு நேரத்துல தண்ணி விட்டா நிமிர்ந்துடும். கருகினதுக்கு அப்புறம் எவ்வளவு பாய்ச்சினாலும் உடனே தேறாது. ரத்தம் போகாமலே இருந்தா கிட்னிக்குள்ள இருக்கற நுண்குழாயெல்லாம் செத்துப்போகும். டயாலிசிஸ் வரைக்கும் போயிருப்பீங்க."

வலி மாத்திரை உடனே நிறுத்தப்பட்டது. பிரஷர் மாத்திரையைத் தற்காலிகமாக டாக்டரே நிறுத்திவைத்தார். சிறுநீரை அளந்து அளந்து சலைன் ஏற்றினார்கள். மறுநாள் விடியற்காலையில் சிறுநீர் இறங்கியது. நான்காம் நாள் கிரியேட்டினின் 2.1. மூன்று வாரம் கழித்து 1.2. இதற்கிடையில் பெய்த மழையில் அரை ஏக்கர் பஞ்சு நனைந்து கறுத்துப்போனது.

வீட்டுக்கு அனுப்பும்போது டாக்டர் சொன்னவற்றை மனைவி மனப்பாடமாக வைத்திருக்கிறார். வயிற்றுப்போக்கு வந்தால் தண்ணீரைக் குறைக்கக் கூடாது. ஓ.ஆர்.எஸ். பாக்கெட்டை அதில் போட்டிருக்கும் அளவுத் தண்ணீரில் கரைத்துக் குடிக்க வேண்டும். பாக்கெட் இல்லாவிட்டால் 1 லிட்டர் சுத்தமான தண்ணீரில் 6 டீஸ்பூன் சர்க்கரை, அரை டீஸ்பூன் உப்பு. பேதி, வாந்தி, வெயில் களைப்பு இருக்கும்போது வலி மாத்திரையைத் தொடக் கூடாது. பிரஷர் மாத்திரையைத் தானாக நிறுத்தவும் கூடாது. அன்றே டாக்டரைக் கேட்க வேண்டும். சிறுநீர் அடர்மஞ்சளாகக் குறைந்தால் அது எச்சரிக்கை. அரை நாளாகச் சிறுநீரே வரவில்லை என்றால் ஆஸ்பத்திரிதான். ஏற்கெனவே இதய நோயோ சிறுநீரக நோயோ இருப்பவர்கள் மட்டும் எவ்வளவு தண்ணீர் குடிக்கலாம் என்று கேட்டுக்கொள்ள வேண்டும்.

இந்த வருடமும் பருத்தி போட்டிருக்கிறார். எடுப்பு காலை 10 மணியோடு சரி, மீதி சாயங்காலம். வரப்பு வேப்பமரத்துக் கிளையில் தண்ணீர் கேன் தொங்குகிறது. மெடிக்கலுக்குப் போனால், "எனக்குப் பிரஷர் இருக்கு, ஒரு தடவை கிட்னி அடிவாங்கியிருக்கு" என்று சொல்லிவிட்டுத்தான் மாத்திரை கேட்கிறார். மனைவி இப்போதும் தினம் ஒரு தடவை அந்தக் கேள்வியைக் கேட்கிறார். அவரும் கூச்சப்படாமல் பதில் சொல்கிறார்.