குளிர்ந்த குழலின் முதல் குண்டு

அமெரிக்காவின் பென்சில்வேனியா மாநிலத்தில் கிறிஸ்துமஸுக்கு மறுநாள் ஒரு மான் வேட்டைப் பருவம் தொடங்குகிறது. அந்தப் பருவத்துக்கென்று விதிக்கப்பட்ட துப்பாக்கி, சக்கிமுக்கிக் கல் எஃகில் உரசிப் பொறி பறந்து வெடிக்கும் பழைய வகை. 1974 முதல் நடப்பில் இருக்கும் இந்த ஏற்பாடு, 18-ஆம் நூற்றாண்டில் லான்காஸ்டர் வட்டாரத்தில் குடியேறிய ஜெர்மானியக் கொல்லர்கள் உருவாக்கிய நீண்ட குழல் ரைஃபிளை அருங்காட்சியகத்துக்குள் முடங்கிவிடாமல் காப்பாற்றியிருக்கிறது. இன்றும் அதைச் செய்கிறவர்கள் இருக்கிறார்கள், அதன் குழலுக்கு மரை வெட்டுகிறவர்கள் இருக்கிறார்கள், இலையுதிர் காலம் வந்ததும் சுடுதளங்களில் உட்கார்ந்து தங்கள் துப்பாக்கிக்கு ஏற்ற மருந்தளவைத் தேடுகிறவர்களும் இருக்கிறார்கள். இந்தத் தேடலைப் பார்க்கத்தான் அந்தப் பக்கம் போனேன். பார்த்ததிலிருந்து எனக்குத் தெளிவான ஒன்றை இங்கே வாதமாக வைக்கிறேன். சுடுதளத்தில் பலரும் தேடுவது அடுத்தடுத்துச் சுட்ட ஐந்து குண்டுகள் நெருங்கி விழும் கெட்டிப்பை. வேட்டைக்குத் தேவையானதோ வேறு: துடைத்து வைத்த குளிர்ந்த குழலிலிருந்து புறப்படும் முதல் குண்டு ஒவ்வொரு நாளும் ஒரே இடத்தில் விழ வேண்டும். இரண்டும் ஒன்றல்ல. இரண்டுக்கும் வேண்டிய மருந்து, துணி, கொழுப்பு எதுவும் ஒன்றாக இருக்க வேண்டியதில்லை.

வாய்வழியாக மருந்து கெட்டிக்கும் துப்பாக்கியில் தோட்டா என்று தனியாக ஒன்று கிடையாது. ஆலையில் செய்து பெட்டியில் அடைத்து வருகிற பொருளை, இங்கே சுடுபவரே ஒவ்வொரு முறையும் குழலுக்குள் செய்து முடிக்கிறார். அரை அங்குலக் குழல் என்றால் குண்டு அதைவிடச் சற்றுச் சிறியது, 0.490 அங்குலம். கலப்பில்லாத ஈயத்தில் வார்த்தால் ஏறத்தாழ 177 கிரெயின் எடை, அதாவது பதினொன்றரை கிராம். குண்டுக்கும் குழலுக்கும் இடையிலுள்ள இடைவெளியை அடைப்பது ஒரு துணித்துண்டு. தலையணை உறைக்கு நெய்யும் நெருக்கமான பருத்தித் துணி, அங்குலத்தில் ஆயிரத்தில் 15 முதல் 18 பங்கு கனம். கொழுப்புத் தடவிய அந்தத் துணியைக் குழல் வாயில் விரித்து, வார்ப்பு முனை மேலே பார்க்கும்படி குண்டை அதன்மேல் வைத்து அழுத்தி, மிஞ்சிய துணியைக் கத்தியால் வாயோடு வாயாக அறுத்துவிட்டு, ஹிக்கரி மரக் கோலால் அடிவரை தள்ளுகிறார்கள். கோலில் ஒரு கீறல் இருக்கும். கீறல் குழல் வாயோடு சேர்ந்தால் குண்டு மருந்தின்மேல் அமர்ந்துவிட்டது என்று பொருள். அமராமல் நடுவே நின்றால் குழல் வீங்கலாம், வெடிக்கவும் செய்யலாம் என்பதால் இந்தக் கீறலை யாரும் அலட்சியம் செய்வதில்லை. கோலை எவ்வளவு அழுத்தினோம் என்பதுகூடக் குண்டு விழும் இடத்தை மாற்றும். கை பழகியவர்கள் கடைசித் தள்ளலை ஒவ்வொரு முறையும் ஒரே பாரத்தில் நிறுத்துவதைப் பக்கத்தில் நின்று பார்த்தால், குறி தவறாமை என்பது கண்ணைவிடக் கையில்தான் அதிகம் இருக்கிறது என்று படும்.

குழல் செய்யும் பட்டறைக்குள் போனால், ஒருவர் சொன்ன மருந்தளவை இன்னொருவர் ஏன் கடன் வாங்க முடியாது என்பதும் விளங்கும். பழைய முறையில் மரை வெட்டும் மேசை முழுக்க மரம். திருகு வரிகள் செதுக்கிய ஒரு மர உருளையே வழிகாட்டி. அதோடு இணைத்த தண்டின் நுனியில் சிறு எஃகுப் பல் ஒன்று பதிந்திருக்கும். தண்டை முன்னும் பின்னும் இழுக்க இழுக்க அந்தப் பல் ஒரு வரியிலிருந்து மயிரிழை கனத்துக்கு இரும்பைச் சீவி எடுக்கும். எல்லா வரிகளும் ஒரு சுற்று முடிந்ததும் பல்லுக்கு அடியில் ஒரு காகிதத் துண்டைச் செருகி அதைச் சற்று உயர்த்தி, மறுபடி முதல் வரியிலிருந்து தொடங்குவார்கள். வர்ஜீனியாவின் காலனியல் வில்லியம்ஸ்பர்க் 1969-இல் எடுத்த ஆவணப்படத்தில், வாலஸ் கஸ்லர் என்ற துப்பாக்கிக் கொல்லர் இரும்புப் பட்டையைச் சுருட்டிக் குழலாக்குவதில் தொடங்கி இந்த வேலை முழுவதையும் தனியொருவராகச் செய்து காட்டுவதைப் பார்க்கலாம். இப்போது பெரும்பாலான குழல்கள் இயந்திரத்தில்தான் வெட்டப்படுகின்றன. ஆனாலும் வரியின் ஆழம், விளிம்பின் கூர்மை, குழல் வாயின் வளைவு, எத்தனை அங்குலத்துக்கு ஒரு சுற்று என்ற கணக்கு எல்லாம் குழலுக்குக் குழல் மாறுகின்றன. உருண்டைக் குண்டுக்கு 48 அங்குலத்துக்கு ஒரு சுற்று, 66 அங்குலத்துக்கு ஒரு சுற்று என்று மெதுவான திருகல் போதும். நீளக் குண்டுக்கு இதைவிட வேகமான திருகல் வேண்டும். ஆகவே ஒரு குழலின் நல்ல கெட்டிப்பைப் பற்றி இன்னொரு குழலின் உரிமையாளர் தரும் அறிவுரை, எங்கே தொடங்கலாம் என்று காட்டும் குறிப்பு மட்டுமே.

தொடக்கத்துக்குப் பழைய வாய்ப்பாடுகள் பல உண்டு. உள்ளங்கையில் குண்டை வைத்து அது மறையும்வரை மருந்தைக் கொட்டு என்பது ஒன்று. பனித்தரைமேல் சுட்டு, எரியாத மருந்துத் துகள் பனியில் சிந்தத் தொடங்கும்போது நிறுத்து என்பது இன்னொன்று. இன்று பழக்கத்தில் இருப்பது எளியது: குழல் விட்டத்தின் எண்ணையே கிரெயினாக எடுத்துக்கொள்வது. அரை அங்குலக் குழலுக்கு 50 கிரெயினில் தொடங்கி, துப்பாக்கி செய்தவர் சொன்ன உச்ச அளவைத் தாண்டாமல், ஐந்தைந்தாகக் கூட்டிக்கொண்டு போகிறார்கள். கருமருந்தை எடை போடுவதில்லை, பித்தளைக் குப்பியில் கொள்ளளவாகவே அளக்கிறார்கள். குப்பியை ஒவ்வொரு முறையும் ஒரே மாதிரி தட்டி மட்டம் செய்ய வேண்டும். இதில் எனக்கு மிகவும் பிடித்தது சுட்ட பிறகு நடக்கும் வேலை. சில கஜம் முன்னே நடந்து, தரையில் விழுந்து கிடக்கும் துணித்துண்டுகளைப் பொறுக்கி வந்து மேசையில் பரப்புகிறார்கள். நடுவில் வட்டமாகக் கருத்து, ஓரம் மட்டும் பிரிந்திருந்தால் எல்லாம் சரி. நடுவில் எரிந்து ஓட்டை விழுந்திருந்தால் துணி மெலிது, அல்லது கொழுப்பு போதவில்லை, அல்லது மருந்து மிகுதி. கத்தியால் கிழித்தது போல நேர்க்கீறல்கள் தெரிந்தால் மரை விளிம்பு இன்னும் கூராக இருக்கிறது. குறிப்பலகையில் உள்ள ஓட்டை விளைவை மட்டும் சொல்கிறது. அந்தத் துணி காரணத்தையும் சொல்கிறது. ஆனாலும் பலர் பலகையைத்தான் முதலில் ஓடிப்போய்ப் பார்க்கிறார்கள்.

இனி என் வாதத்தின் மையத்துக்கு வருகிறேன். கருமருந்து எரிந்தால் அதன் எடையில் பாதிக்கும் மேல் வாயுவாக மாறுவதில்லை. உப்பும் கரியுமாகத் திடப்பொருளாகவே தங்குகிறது. அது குழலில் படிந்து காற்றின் ஈரத்தை உறிஞ்சி, சில வேளை பசையாகவும் சில வேளை பொறுக்காகவும் மாறும். முதல் குண்டு சுத்தமான இரும்பில் போகிறது, இரண்டாவது இந்தக் கசடின்மேல் போகிறது. சுடுதளத்துக்காரர்கள் இதற்கு நல்ல வழி கண்டிருக்கிறார்கள். முதல் ஒன்றிரண்டைக் குழலைப் பழக்குவதற்காகச் சுட்டுக் கணக்கிலிருந்து தள்ளிவிடுகிறார்கள். பிறகு ஒவ்வொரு வெடிக்கும் இடையில் ஈரத்துணியால் ஒருமுறை துடைக்கிறார்கள். துணித்துண்டை எச்சிலில் நனைத்துக் கெட்டிப்பவர்களும் உண்டு, குறிப்பலகையில் அது அருமையாக வேலை செய்கிறது. ஆனால் வேட்டைக்காரர் விடியலில் கெட்டித்த துப்பாக்கியைச் சாயங்காலம்வரை தோளில் சுமக்கிறார். எச்சில் மருந்தை நனைக்கும், இரும்பில் துரு ஏற்றும், டிசம்பர் குளிரில் உறைந்தும் போகும். காலையில் கெட்டித்த துணி மாலையில் வேறு துணி. ஆகவே அவருக்கு எண்ணெயோ கொழுப்போ மெழுகோதான் பொருந்தும். அதிலும் குழலில் முந்தைய இரவு தடவிய காப்பெண்ணெயின் சுவடு மிஞ்சினால் முதல் குண்டு விலகும். சாராயத்தில் நனைத்த துணியால் எண்ணெயை எடுத்து, உலர்ந்த துணியால் மறுபடி துடைத்து, அதற்குப் பிறகே மருந்து இட வேண்டும். கசடு படிந்த குழலில் ஐந்து குண்டைச் சேர்த்துப் போடும் கெட்டிப்பு இந்த நிலைக்கு எதையும் உறுதி செய்வதில்லை. சுடுதளம் கணக்கில் சேர்க்காமல் தள்ளும் அந்த முதல் குண்டுதான் காட்டில் உள்ள ஒரே குண்டு.

கொழுப்பு அற்ப விஷயம் என்று எண்ணுகிறவர்களுக்கு நம் நாட்டு வரலாறே பதில். 1853-ஆம் ஆண்டு மாதிரி என்ஃபீல்டு ரைஃபிளும் வாய்வழி கெட்டிப்பதுதான். கொழுப்புப் பூசாமல் அதன் குண்டைக் கசடேறிய குழலில் இறக்க முடியாது. அந்தக் கொழுப்பு மாட்டினுடையதா பன்றியினுடையதா என்ற கேள்வி 1857 ஜனவரியில் கல்கத்தாவை அடுத்த டம்டம்மில் கிளம்பியது. சிப்பாய்கள் தாங்களே விரும்பியதைப் பூசிக்கொள்ளலாம் என்று பிறகு சொல்லியும் அது அடங்கவில்லை. அந்த ஆண்டு வெடித்த சிப்பாய் எழுச்சிக்குக் காரணங்கள் பல. ஆனால் பூசாமலே விட்டுவிடுங்கள் என்று மட்டும் அரசால் சொல்ல முடியவில்லை. அந்த ரைஃபிளின் இயக்கமே அதை நம்பி இருந்தது.

இந்த வாதத்துக்கு வரும் வலுவான மறுப்பு கணக்கிலிருந்து வருகிறது. ஒற்றைக் குண்டு எதையும் நிரூபிக்காது, தற்செயலாகவும் நடுவில் விழலாம், தொகுதியாகச் சுட்டால்தான் சிதறல் தெரியும் என்கிறார்கள். சரியான மறுப்பு. ஆனால் அது ஒற்றைக் குண்டின்மேல் சாட்டும் குற்றம், பல நாள் முதல் குண்டுகளின்மேல் அல்ல. பொறுமையுள்ளவர்கள் செய்வது இது: ஒரே தாளைச் சுருட்டி வைத்துக்கொள்கிறார்கள். சுடுதளத்துக்கு வரும் ஒவ்வொரு நாளும் வேட்டைக்குச் செய்வது போலவே குழலைத் தயார்செய்து, கெட்டித்துச் சிறிது நேரம் காத்திருந்து, முதல் குண்டை அந்தத் தாளில் போட்டுப் பக்கத்தில் தேதி, குளிர், காற்றின் ஈரம் எழுதுகிறார்கள். மற்ற பயிற்சியெல்லாம் வேறு தாளில். இலையுதிர் காலம் முடிகையில் அந்த ஒரு தாளில் இருப்பதும் ஒரு தொகுதிதான், உண்மையான நிலையில் எடுத்த தொகுதி. ஐந்து குண்டுச் சோதனையை விட்டுவிட வேண்டியதில்லை. மோசமான கெட்டிப்புகளை ஒரே காலையில் கழித்துக்கட்ட அது உதவும். மிஞ்சிய இரண்டு மூன்றில் எதை எடுப்பது என்று சொல்லும் உரிமை மட்டும் அதற்கு இல்லை.

மருந்தைக் கூட்டினால் பாதை நேராகும், தூரத் தவறு குறையும், அதனால் சற்றுச் சிதறினாலும் வலுவான கெட்டிப்பே மேல் என்பது இன்னொரு மறுப்பு. இதற்கு 1742-லேயே பதில் கிடைத்துவிட்டது. ஊசல்போலத் தொங்கவிட்ட மரக்கட்டையில் குண்டைச் சுட்டு, அது எவ்வளவு பின்வாங்குகிறது என்று அளந்தவர் ஆங்கிலக் கணிதர் பெஞ்சமின் ராபின்ஸ். அன்றைய அறிஞர்கள் பொருட்படுத்தாத காற்றின் தடை உண்மையில் எவ்வளவு பெரியது என்று அவர் காட்டினார். உருண்டைக் குண்டு காற்றைக் கிழிக்க ஏற்ற வடிவமே அல்ல. குழல் வாயில் நொடிக்கு 1800 அடி வேகத்தில் புறப்படும் அரை அங்குலக் குண்டு, 100 கஜம் போவதற்குள் ஏறத்தாழ 1100 அடிக்கு இறங்கிவிடும். கூடுதல் மருந்தால் வாயில் பெற்ற வேகத்திலும் ஏறத்தாழ பாதி வழியிலேயே போய்விடும். மிஞ்சுவது தோளில் அடியும், எரிந்த துணியும், கூடுதல் கசடும். திறந்த குறிமுனையோடு, கல் பொறி விட்டு மருந்து பற்றும் அந்தக் கணப்பொழுதுவரை துப்பாக்கியை அசையாமல் பிடித்திருக்க வேண்டிய ஒருவருக்கு, 100 கஜத்துக்கு அப்பால் உள்ள மான் எப்படியும் எட்டாத மான்தான். ஆகவே சில கிரெயின் குறைத்துக் கிடைக்கும் சீர்மையால் அவர் இழப்பது மிகக் குறைவு.

இத்தனை பாடு எதற்கு, 1985-இல் டோனி நைட் கொண்டுவந்த மாதிரியைப் பின்பற்றிய நவீன ரைஃபிள்களில் மாத்திரை போன்ற மருந்தும் தொலைநோக்கியும் இருக்கின்றனவே என்று கேட்கலாம். அவை நல்ல கருவிகள், கல் பொறியின் தாமதமும் அவற்றில் இல்லை. ஆனால் அவற்றுக்கும் குளிர்ந்த குழல் உண்டு, முதல் குண்டு உண்டு. மாத்திரை மருந்து வசதி தருகிறது, ஆனால் ஐந்து கிரெயின் கூட்டிக் குறைக்கும் உரிமையைப் பறித்துக்கொள்கிறது. தமிழ் வாசகருக்கு இதைவிட அடிப்படையான மறுப்பு இருக்கும்: மானைக் கொல்வதில் என்ன நுட்பம் வேண்டியிருக்கிறது? 1972-ஆம் ஆண்டு வனவிலங்குச் சட்டத்தின்படி நம்மிடம் வேட்டை குற்றம், அது அப்படியே இருப்பதுதான் முறை. பென்சில்வேனியாவின் நிலை வேறு. ஓநாயும் மலைச்சிங்கமும் அங்கே அழிந்துவிட்டன. 20-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் அருகிப்போயிருந்த வெண்வால் மான் பாதுகாப்பால் பெருகி, காட்டின் இளங்கன்றுகளை மேய்ந்து தீர்க்கும் அளவுக்கு வந்தது. அங்கே வேட்டை சட்டபூர்வமான நிர்வாகம். அதை ஏற்றாலும் ஏற்காவிட்டாலும், நடக்கிற ஒரு செயலில் காயம்பட்டு ஓடி எங்கோ சாகும் மானுக்கும் நின்ற இடத்தில் விழும் மானுக்கும் வித்தியாசம் இருக்கிறது. மறுபடி கெட்டிக்க அரை நிமிடமாவது ஆகும் துப்பாக்கியில் அந்த வித்தியாசம் முழுவதும் ஒரே குண்டின் பொறுப்பு.

அதனால்தான் அந்தச் சுருட்டிய தாளுக்கு நான் இவ்வளவு மதிப்புத் தருகிறேன். கெட்டிப்பைத் தேர்ந்தெடுப்பதோடு அதன் பயன் முடிவதில்லை. பல நாள் முதல் குண்டுகள் 50 கஜத்தில் உள்ளங்கை அகலத்துக்குள் நின்று, 80 கஜத்தில் அதைத் தாண்டிப் போனால், அந்த மனிதர் அந்த ஆண்டு 50 கஜத்துக்கு மேல் உள்ள மானைச் சுடமாட்டார். தாளின் ஓரத்தில் அந்தத் தூரத்தையும் பென்சிலால் எழுதி வைக்கிறார்கள். அடுத்த ஆண்டு குழல் வாய் சற்றுத் தேய்ந்தால், துணியின் நெசவு மாறினால், புதிய டப்பா மருந்து வேறு மாதிரி எரிந்தால், புதுத் தாள் எடுத்து மறுபடி 50 கிரெயினிலிருந்து தொடங்குகிறார்கள்.