லினக்ஸுக்குள் ஓர் எக்ஸ்பி

அச்சகத்தின் டி.டி.பி. பிரிவில் எல்லாக் கம்ப்யூட்டரும் லினக்ஸுக்கு மாறிவிட்டன. மாற முடியாமல் நின்றது பேஜ்மேக்கர் 7 மட்டும்தான். கல்யாணப் பத்திரிகை, கொடை நோட்டீஸ், பள்ளி ஆண்டு மலர் என்று பல வருட வேலை அதன் கோப்புகளில், யூனிகோடுக்கு முந்தைய தமிழ் எழுத்துருக்களில் கிடக்கிறது. அதற்காகவே ஒரு பழைய விண்டோஸ் எக்ஸ்பி கம்ப்யூட்டரை வைத்திருந்தோம். அதன் மதர்போர்டு அடிக்கடி மக்கர் செய்யத் தொடங்கியதும், "இத லினக்ஸுக்குள்ள வி.எம்.மா ஏத்திருவோம். நீயே பண்ணு தம்பி, நான் பக்கத்துல இருக்கேன்" என்றார் சிஸ்டம் பார்க்கும் அண்ணன்.

வி.எம். என்கிற விர்ச்சுவல் மெஷினை ஓட்டும் மென்பொருள்களில் எனக்குத் தெரிந்த பெயர் விர்ச்சுவல்பாக்ஸ். அண்ணன் அதைக் குறை சொல்லவில்லை. விண்டோஸ், மேக், லினக்ஸ் மூன்றிலும் ஒரே மாதிரி ஓடும், புதிதாகக் கற்பவர்களுக்கு அதைவிட எளிது இல்லை என்றார். "ஆனா கர்னல் அப்டேட் வந்தா என்ன ஆகும்னு யோசிச்சியா?" என்று கேட்டார். விர்ச்சுவல்பாக்ஸின் மாட்யூல்கள் லினக்ஸ் கர்னலுக்கு வெளியே இருப்பவை. கர்னல் மாறும்போதெல்லாம் அவற்றைத் திரும்பக் கம்பைல் செய்தாக வேண்டும். பெரும்பாலும் அது தானாக நடந்துவிடும். செக்யூர் பூட் போட்ட கம்ப்யூட்டரில் அவற்றுக்குக் கையொப்பமும் வேண்டும். விஎம்வேர் வொர்க்ஸ்டேஷன் 2024இல் இலவசமாகிவிட்டாலும் இந்த விஷயத்தில் அதற்கும் இதே கதைதான். லினக்ஸில் அதே வேலைக்கு இருக்கும் கே.வி.எம். அப்படியில்லை. 2007இல் 2.6.20 பதிப்போடு கர்னலுக்குள்ளேயே வந்துவிட்டது. கர்னலோடு சேர்ந்தே புதுப்பிக்கப்படுகிறது. முகூர்த்த சீசனில் ஒரு நாள் காலை பேஜ்மேக்கர் திறக்காவிட்டால் எங்கள் பிழைப்பு நின்றுவிடும். அதனால் கே.வி.எம்., அதோடு வி.எம்.முக்கு டிஸ்க், திரை போன்ற சாதனங்களைத் தரும் கியூஎமு, இரண்டையும் ஜன்னல் வழியாகக் கையாள விர்ட்-மேனேஜர் என்று முடிவானது. பல வருடம் வைத்துக் காப்பாற்ற வேண்டிய வி.எம்.முக்கு இன்றும் நான் இதைத்தான் சொல்வேன்.

நிறுவும் முன் பிராசஸரைப் பார்க்கச் சொன்னார். சிபியு விவரங்களில் இன்டெல் என்றால் 'விஎம்எக்ஸ்', ஏ.எம்.டி. என்றால் 'எஸ்விஎம்' என்ற கொடி இருக்க வேண்டும். கொடி இருந்தும் கே.வி.எம். ஓடவில்லை என்றால் பயாஸில் அணைத்து வைத்திருப்பார்கள்.

அந்தக் கொடி எதற்கென்று அவர் புரியவைத்த விதம் மறக்காது. முதலில் கே.வி.எம். இல்லாமல் வெறும் கியூஎமுவில் எக்ஸ்பியை ஓட்டினார். ஒவ்வொரு கட்டளையையும் மென்பொருளே மொழிபெயர்த்துத் தர வேண்டியிருந்ததால் மெனு திறக்கவே காத்திருக்க வேண்டியிருந்தது. பிறகு கே.வி.எம்.மோடு ஓட்டினார். இப்போது எக்ஸ்பியின் கட்டளைகள் நேரே பிராசஸரிலேயே ஓடின. டிஸ்க், திரை போன்ற சாதனங்களைத் தொடும்போதுதான் கட்டுப்பாடு கியூஎமுவிடம் திரும்பியது. அடுத்து டெர்மினலில் 'டாப்' கட்டளையைத் தட்டினார். முழு எக்ஸ்பியும், அதற்குள் திறந்திருந்த பேஜ்மேக்கரும் சேர்ந்து அந்தப் பட்டியலில் கியூஎமு என்ற ஒரே ஒரு வரி. பக்கத்து வரியில் எங்கள் ஃபயர்ஃபாக்ஸ். லினக்ஸுக்கு இரண்டும் ஒன்றுதான், இரண்டும் ப்ராசஸ். வி.எம். மேல் எனக்கிருந்த பயம் அந்த இடத்தில் போனது.

எக்ஸ்பிக்குப் பொருத்தும் பாகங்கள் பழையதாகவே இருக்க வேண்டும். வி.எம்.முக்குள் ஓடும் இன்றைய சிஸ்டங்களுக்கு வேகமான 'விர்ட்டியோ' டிஸ்க்கைக் கொடுக்கலாம். எக்ஸ்பி நிறுவியிடம் அதற்கான டிரைவர் கிடையாது. டிஸ்க்கே இல்லை என்று சொல்லிவிடும். ஐ.டி.ஈ. டிஸ்க் கொடுத்தால் பேசாமல் ஏற்றுக்கொள்ளும். ராம் 1 ஜி.பி. போதும். நெட்வொர்க் கார்டை எடுத்தே விட்டோம். எக்ஸ்பிக்கு மைக்ரோசாஃப்ட் 2014 ஏப்ரலோடு வழக்கமான பாதுகாப்புத் திருத்தங்களை நிறுத்திவிட்டது, அதை இணையத்தில் விடவே கூடாது.

நெட்வொர்க் இல்லாமல் வேலையை எப்படி வெளியே எடுப்பது? பேஜ்மேக்கரில் போஸ்ட்ஸ்கிரிப்ட் பிரின்டரைத் தேர்ந்து, எழுத்துருக்களையும் உள்ளே சேர்த்து, கோப்பாக அச்சிடுவோம். பென்டிரைவை விர்ட்-மேனேஜர் வழியாக எக்ஸ்பியிடம் கொடுத்துத் திரும்ப வாங்கி, லினக்ஸில் கோஸ்ட்ஸ்கிரிப்ட் கொண்டு பி.டி.எஃப். ஆக்குவோம். பிளேட் போடுபவரிடம் அந்த எழுத்துரு இருக்க வேண்டிய அவசியமில்லை.

ஸ்னாப்ஷாட் எடுத்தாலே பாதுகாப்பு என்று நினைத்திருந்தேன். "அது அதே டிஸ்க் ஃபைலுக்குள்ளதானே இருக்கு? ஹார்ட்டிஸ்க் போனா ரெண்டும் சேர்ந்து போயிரும்" என்றார் அண்ணன். வி.எம்.மை முழுதாக ஷட்டவுன் செய்து, டிஸ்க் கோப்பையும் அதன் எக்ஸ்.எம்.எல். அமைப்பையும் வெளி டிஸ்க்கில் நகலெடுத்தோம். அதோடு அவர் விடவில்லை. அந்த நகலை வேறொரு கம்ப்யூட்டரில் ஏற்றச் சொல்லி, ஒரு பழைய ஆண்டு மலரைத் திறந்து, கொம்பும் காலும் புள்ளியும் அதனதன் இடத்தில் விழுந்திருக்கின்றனவா என்று பக்கம் பக்கமாகப் பார்த்தார். அதற்குப் பிறகுதான் பழைய மதர்போர்டைக் கழற்ற விட்டார்.