தேவராவிலிருந்து மட்டாஞ்சேரிக்கு

தேவரா என்றதும் 1944-ஆம் ஆண்டில் தோன்றிய சேக்ரட் ஹார்ட் கல்லூரியே கொச்சியில் வாழும் நம்மவர்க்கு முதலில் நினைவு வரும். காலையில் அச்சாலை முழுதும் மாணவர் கூட்டந்தான். சென்ற ஆண்டு அங்குள்ள நம் சிறு வீட்டிலும் ஒரு மாணவர் கூட்டம் பத்து நாள் தங்கியது. நம் தமக்கையின் மகனும், அவனோடு தமிழ்நாட்டுக் கல்லூரி ஒன்றில் கட்டடக்கலை இரண்டாம் ஆண்டு பயிலும் நண்பர் மூவருமே அவர்கள். பழைய கட்டடம் ஒன்றை மூலை முடுக்கு விடாமல் அளந்து வரைந்து வரவேண்டும் என்பது அவர்களுக்கு இட்ட வேலை. மட்டாஞ்சேரிப் பண்டகசாலை ஒன்றைத் தேர்ந்தெடுத்திருந்தனர்.

அவர்கள் வருமுன்னரே அத்தானின் கடிதம் வந்துவிட்டது. மதிப்பீட்டு நாளில் (அதனை ஜூரி என்கிறார்கள்) மூன்று இரவு கண்விழித்து வரைந்த தாளை ஆசிரியர் ஒருவர் பலர் முன்னிலையில் இகழ்ந்து தள்ளிவிட்டாராம். பையன் படிப்பையே விட்டுவிடுவதாகச் சொன்னானாம். அத்தானுக்கு இப்படிப்பில் ஆதியிலிருந்தே மனமில்லை. அருகிலிருந்து பார்த்து, தொடரலாமா நிறுத்தலாமா என்று எழுதும்படி நம்மிடம் பொறுப்பை விட்டிருந்தார்.

ஆகவே ஒருநாள் விடுப்பு எடுத்துக்கொண்டு நாமும் உடன் சென்றோம். வெண்டுருத்திப் பாலத்தைக் கடந்தால் வில்லிங்டன் தீவு. துறைமுகத்தை ஆழப்படுத்தியபோது தோண்டிய மண்ணைக் கொண்டு, பிரிஸ்டோ என்ற ஆங்கிலப் பொறியாளர் காலத்தில் ஆக்கப்பட்ட நிலம் அது. ஒருகாலத்தில் பயணிகள் வண்டிகள் வந்து நின்ற ஹார்பர் டெர்மினஸ் நிலையமும் அங்கேதான் உள்ளது. ரயில்வே ஊழியராகிய நமக்கு அப்பக்கம் போகும்போதெல்லாம் மனம் கனக்கும். அப்பால் தோப்பும்படி, பின்னர் மட்டாஞ்சேரி.

போர்த்துக்கீசியர் கட்டிக் கொச்சி மன்னருக்கு அளித்து, பின்னர் டச்சுக்காரர் பழுதுபார்த்த அரண்மனையையும், 1568-இல் எழுந்த யூதர் ஆலயத்தையும் இளைஞர்கள் முதல் நாளே கண்டுவிட்டனர். ஆலயத்துத் தரையில் பதித்த சீனத்து நீலவண்ண ஓடுகளைப் பற்றி அன்றிரவெல்லாம் பேச்சு. ஆயினும் அவர்கள் உழைத்தது சுக்கு மணக்கும் பண்டகசாலையில்தான். முன்புறம் கடைவீதி, நடுவே சரக்கு உலர்த்தும் முற்றம், பின்புறம் படகுகள் வந்தணைந்த காயல் துறை. சுவர்கள் வெட்டுக்கல் என்று மலையாளத்தார் வழங்கும் செந்நிறக் கல்லால் ஆனவை.

ஒருவன் நாடாவின் நுனியைப் பிடிக்க, ஒருவன் இழுக்க, ஒருவன் அளவைக் கூவ, நம் பையன் எழுதிக்கொண்டான். முற்றத்தின் நான்கு பக்கங்களை அளந்தால் போதாது, இரு மூலைவிட்டங்களையும் அளந்தால்தான் அறையின் உண்மை வடிவம் தெரியும் என்றான். அளந்தார்கள். ஒன்றுக்கொன்று 44 சென்டிமீட்டர் வேறுபட்டது. மீண்டும் அளந்தும் அதே கணக்கு. "சராசரி போட்டுச் சதுரமாக வரைந்துவிடுவோம், யார் வந்து பார்க்கப் போகிறார்கள்?" என்றான் ஒரு நண்பன். நமக்கும் அதுவே சரியெனப்பட்டது. கணக்கு ஒவ்வாவிட்டால் பிழை எழுதியவனுடையதே என்று கொள்வது அலுவலகப் பழக்கம் அல்லவா!

பையன் இசையவில்லை. "மாமா, கோணல் கட்டடத்தில் இருக்கிறது. தாளில் நிமிர்த்திவிட்டால் நான் அளந்ததாகாது" என்றான். அங்கிருந்த முதிய சுமைத்தொழிலாளி ஒருவர் சிரித்துக்கொண்டே காரணம் சொன்னார். முன்சுவர் வீதியை ஒட்டிக் கட்டியது. பின்சுவர் காயல் கரையை ஒட்டிக் கட்டியது. வீதியும் கரையும் ஒரே நேராகச் செல்லவில்லை. பையன் உடனே வெளியே ஓடி, கட்டடத்தின் இரு ஓரங்களிலும் வீதியிலிருந்து கரைவரை அளந்தான். முதியவர் சொன்னது மெய்யாயிற்று. அவன் முகம் அன்று மலர்ந்ததைப்போல நாம் முன்னர்க் கண்டதில்லை.

அன்றிரவு நால்வரும் கூடத்துத் தரையில் தாளை விரித்து வரைந்துகொண்டிருந்தனர். இல்லாள் இரண்டாம் முறை காப்பி கொடுத்தபின், ஜூரி பற்றி மெல்லக் கேட்டோம். "படியில் ஏறுபவர் தலை உத்திரத்தில் இடிக்கும்படி வரைந்திருந்தேன் மாமா. பிழை என்னுடையதே. அதைச் சொன்ன விதந்தான் பொறுக்கவில்லை" என்றான். அவ்வாசிரியர் செய்தது முறையன்று என்றே நாமும் கருதுகிறோம்.

நம் குடும்பங்களில் பலருக்கு இப்படிப்பின் விவரம் தெரியாது. பொறியியல் நான்கு ஆண்டு, இது ஐந்து ஆண்டு. அதில் ஒரு பருவம் தொழில் செய்வோரிடம் பயிற்சி. நாட்டா என்ற நுழைவுத் தேர்வு உண்டு. பட்டம் பெற்றபின் 1972-ஆம் ஆண்டுச் சட்டப்படி கட்டடக்கலை மன்றத்தில் பதிந்துகொண்டவரே ஆர்க்கிடெக்ட் என்று தம்மைச் சொல்லிக்கொள்ளலாம். தாள், மாதிரி அட்டை, பயணம் என்று செலவும் ஓயாது. இவற்றையெல்லாம் மறைக்காமல் அத்தானுக்கு எழுதி, மூலைவிட்டக் கதையையும் எழுதி, நிறுத்த வேண்டாம் என்று முடித்தோம்.

பத்தாம் நாள் எர்ணாகுளம் சந்திப்பில் வண்டியேற்றினோம். தாள்கள் சுருட்டிய நீண்ட குழாயைக் கீழ்ப்படுக்கையின் அடியில் சுவரோரமாக வைக்கும்படி சொன்னோம். நடைபாதையில் நீட்டினால் யாரேனும் மிதித்துவிடுவர்.

அத்தானிடமிருந்து பதில் வரவில்லை. மறுவாரம் அடுத்த பருவத்துக் கட்டணத்தைச் செலுத்திவிட்டதாகத் தமக்கை தெரிவித்தார்.