நூறு கிராமுக்கு எத்தனை நொடி?

என் கூடப் படிக்கிறவன் ஒருத்தன் ராணுவத்தில் சேர வேண்டும் என்று இரண்டு வருடமாக ஓடிக்கொண்டிருக்கிறான். நிஜமாகவே ஓடிக்கொண்டிருக்கிறான். பெயர் வேண்டாம், 'மாப்ள' என்றே வைத்துக்கொள்வோம். நாங்கள் எல்லோரும் அவனை அப்படித்தான் கூப்பிடுகிறோம், அவனும் எங்கள் எல்லோரையும் அப்படித்தான் கூப்பிடுகிறான்.

ஆள்சேர்ப்பு முகாமில் 1.6 கிலோமீட்டர் ஓட வேண்டும். 5 நிமிடம் 30 நொடிக்குள் வந்துவிட்டால் முழுசாக 60 மதிப்பெண். அதைத் தாண்டிவிட்டால் 48. ஒரே ஒரு நொடி பிந்தினாலும் பன்னிரண்டு மதிப்பெண் காலி. செமஸ்டர் பரீட்சையில்கூட இவ்வளவு கறாராகத் திருத்த மாட்டார்கள். மாப்ள ஓடுவது 5 நிமிடம் 33 நொடி. நல்ல நாளில் 33, மோசமான நாளில் 34. நான்கு மாதமாக அந்த மூன்று நொடி அசையவே இல்லை.

"ஏல, நல்ல வெயிட் கம்மியான ஷூ போட்டா அந்த மூணு நொடி வந்துரும்ல?" என்று ஒருநாள் கேட்டான். எனக்குத் தெரியவில்லை. பாசு (வாசுதேவநல்லூரை அவசரத்துக்கு எங்கள் வட்டத்தில் இப்படித்தான் சொல்வோம், கோபித்துக்கொள்ளாதீர்கள்) மாதிரி ஊரில் இதை யாரிடம் கேட்பது? கடையில் கேட்டால் விலை கூடினதை எடுத்து நீட்டுவார்கள். அதனால் நாங்களே உட்கார்ந்து பார்த்தோம். இதே கணக்கில் மண்டையை உடைத்துக்கொண்டிருக்கும் மற்றவர்களுக்கும் உதவட்டுமே என்றுதான் இதை எழுதுகிறேன். போலீஸ் தேர்வுக்கு 1500 மீட்டர் ஓடுகிறவர்களுக்கு 7 நிமிடம் இருக்கிறது. அவர்கள் ஷூவைப் பற்றி இவ்வளவு கவலைப்பட வேண்டியதில்லை, பயிற்சி போதும்.

முதலில் எடை. எந்த ஷூவையும் பெட்டியில் போட்டிருப்பதை நம்பாமல் நாமே நிறுத்துப் பார்க்கலாம் என்று மளிகைக்கடை அண்ணாச்சியிடம் போனோம். "புளி நிறுக்குற தட்டுல செருப்பக் கொண்டாந்து வைக்கியளே, வெளங்குமாய்யா?" என்றார். ரெண்டு பேப்பர் விரித்து, ஷூவையும் துடைத்துக் காட்டிய பிறகு சம்மதித்தார். நாலு விதம் நிறுத்தோம். எல்லாம் 9ஆம் நம்பர், ஒற்றைக் கால் ஷூ மட்டும்.

மாப்ள தினமும் போடும் பழைய ஷூ 338 கிராம். பெரிய கம்பெனி பெயர் ஒட்டிய ஒரு நகல், பார்க்க அசல் பந்தய ஷூ மாதிரியே பளபளவென்று இருப்பது, 361 கிராம்! (இதைப் போட்டுக்கொண்டு ஓடினால் வேகம் கூடும் என்று ஒருத்தன் சத்தியம் செய்தான்.) வலைத்துணியில் செய்த சாதாரணமான, லேசான பயிற்சி ஷூ ஒன்று 226 கிராம். கல்லூரி சீனியர் ஒருவர் தடகளத்துக்கு வைத்திருந்த மெல்லிய பந்தய ஷூ 172 கிராம்.

சரி, எடை தெரிந்தது. எடைக்கும் நேரத்துக்கும் என்ன சம்பந்தம்? இங்கேதான் ஒரு அருமையான ஆராய்ச்சி கிடைத்தது. அமெரிக்காவில் கொலராடோ பல்கலைக்கழகத்தில் ஹூகாமர், கிராம் (ஆமாம், அவர் பெயரே கிராம்தான், நான் என்ன செய்ய!) முதலானோர் செய்தது, 2016இல் வெளியானது. 5 கிலோமீட்டரை 20 நிமிடத்துக்குள் ஓடக்கூடிய 18 பேரைப் பிடித்தார்கள். ஒரே மாதிரி தோற்றமுள்ள ஷூக்களைக் கொடுத்து 3000 மீட்டர் ஓடவிட்டார்கள். சில ஷூக்களில் நாக்குப் பகுதிக்குள் ஈயக் குண்டுகளை ஒளித்து வைத்துத் தைத்திருந்தார்கள். ஓடுகிறவர்களிடம் எடையைப் பற்றி மூச்சே விடவில்லை. முடிவு: ஷூ ஒன்றுக்கு 100 கிராம் கூடினால் நேரம் சராசரியாக 0.78 சதவீதம் கூடுகிறது. செலவாகும் சக்தி ஒரு சதவீதத்துக்குக் கொஞ்சம் மேல் கூடுகிறது.

இப்போது மாப்ளயின் கணக்கைப் போடுவோம். 5:33 என்றால் 333 நொடி. 338 கிராமிலிருந்து 226க்கு இறங்கினால் மிச்சம் 112 கிராம். 333 நொடியில் 0.87 சதவீதம், அதாவது 2.9 நொடி. அப்படியானால் 5 நிமிடம் 30.1 நொடி! அந்தப் புள்ளி ஒன்றைப் பார்த்ததும் மாப்ள தலையில் அடித்துக்கொண்டான். சீனியரின் 172 கிராம் ஷூ என்றால் மிச்சம் 166 கிராம், 4.3 நொடி. 5 நிமிடம் 28.7. முழு மதிப்பெண்.

அவ்வளவு சின்ன எடை எப்படி இவ்வளவு செய்யும் என்று எனக்கும் சந்தேகம் இருந்தது. மைதானத்தில் அவன் அடியை எண்ணிப் பார்த்தோம். 400 மீட்டர் சுற்றுக்கு ஏறத்தாழ 250 அடி. நாலு சுற்றுக்கு ஆயிரம், காலுக்கு ஐந்நூறு. 112 கிராமை ஐந்நூறு தடவை தூக்கினால் 56 கிலோ, இரண்டு காலுக்கும் சேர்த்து 112 கிலோ. தூக்குவது மட்டுமா, ஒவ்வொரு தடவையும் அதை முன்னால் வீசி, மறுபடி நிறுத்தவும் வேண்டும். இடுப்பில் 112 கிராம் கட்டிக்கொண்டு ஓடுவதற்கும் பாதத்தில் கட்டிக்கொண்டு ஓடுவதற்கும் உள்ள வித்தியாசம் இதுதான். உடம்பிலேயே அதிகமாக வீசப்படும் இடம் பாதம். மாப்ள ஞாயிற்றுக்கிழமை புளியங்குடி எலுமிச்சை மார்க்கெட்டில் மூட்டை தூக்கப் போகிறவன். "அப்ப ரெண்டு மூட்டைய எறக்கி வச்ச மாதிரில்லா!" என்றான். அவனுக்கு என்னைவிட வேகமாகப் புரிந்துவிட்டது.

அப்படியானால் ஷூவே இல்லாமல் ஓடினால் இன்னும் நல்லதுதானே என்று கேட்பீர்கள். எங்கள் செட்டிலேயே கேட்டார்கள். வெறுங்கால் கதைகள் நம்மிடம் நிறைய உண்டு. எத்தியோப்பியாவின் அபேபே பிகிலா 1960 ரோம் ஒலிம்பிக் மாரத்தானை வெறுங்காலில் 2 மணி 15 நிமிடம் 16 நொடியில் ஓடித் தங்கம் வாங்கினார், அது அன்றைக்கு உலகச் சாதனை. ஆனால் கதை சொல்கிறவர்கள் பாதியிலேயே நிறுத்திவிடுகிறார்கள். அதே பிகிலா 1964இல் டோக்கியோவில் ஷூ போட்டு ஓடி, 2 மணி 12 நிமிடம் சொச்சத்தில் மறுபடியும் தங்கம் வாங்கினார். அதுவும் குடல்வால் அறுவை சிகிச்சை முடிந்து ஆறு வாரம்கூட ஆகாத நிலையில்.

நம் மதுரை சக்கிமங்கலத்து ரேவதி வீரமணி தொடக்கத்தில் வெறுங்காலில்தான் ஓடினார். பெற்றோரைச் சிறுவயதிலேயே இழந்து பாட்டியிடம் வளர்ந்தவர், ஷூ வாங்க வசதி இல்லை. பயிற்சியாளர் கண்ணன் உதவி கிடைத்து, ஷூ போட்டு, 2021இல் டோக்கியோ ஒலிம்பிக்கில் கலப்புத் தொடர் ஓட்டம் வரை போனார். வெறுங்காலில் ஓடியதால் ஜெயித்தார் என்று நாம் பெருமையாகச் சொல்லிக்கொள்கிறோம். அவரைக் கேட்டால் என்ன சொல்வார்? வெறுங்கால் அவர் தேர்ந்தெடுத்தது இல்லையே.

அதற்காக வெறுங்காலைத் திட்டவும் முடியாது. ராவ், ஜோசப் என்ற இரண்டு மருத்துவர்கள் நம் நாட்டில் 2300 குழந்தைகளின் பாதத் தடங்களை எடுத்துப் பார்த்து 1992இல் வெளியிட்டார்கள். செருப்பு, ஷூ போடும் குழந்தைகளில் 8.6 சதவீதம் பேருக்குத் தட்டைப்பாதம், போடாதவர்களில் 2.8 சதவீதம்தான். கரடுமுரடான தரையில் நடந்து வளர்ந்த பாதம் பலமாகத்தான் இருக்கிறது. ஆனால் எங்கள் மைதானத்தில் சரளையும் கண்ணாடிச் சில்லும் கிடக்கிறது. ஒரு நெருஞ்சி முள் குத்தினால் ஒரு வாரப் பயிற்சி போச்சு.

வெறுங்காலில் வளர்ந்த பாதத்துக்கு இன்னொரு சிக்கல், அகலம். பந்தய ஷூக்கள் முன்பக்கம் குறுகலாக இருக்கும். மாப்ளக்கு சீனியரின் 172 கிராம் ஷூ நீளத்தில் சரி, விரல் பக்கம் பிடித்தது. அதைவிடப் பெரிய விஷயம் குதிகால். சாதாரண பயிற்சி ஷூவில் குதிகால் பக்கம் முன்பக்கத்தைவிட ஒரு சென்டிமீட்டர் வரை உயரமாக இருக்கும், பந்தய ஷூவில் அந்த உயரம் மிகக் குறைவு. குதிகால் இறங்க இறங்க, கெண்டைக்கால் தசையும் அதற்குக் கீழே உள்ள நரம்புபோன்ற தசைநாரும் கூடுதலாக இழுபடும். மாப்ள அந்த ஷூவில் தொடர்ந்து ஐந்து நாள் ஓடினான். மூன்றாம் நாள் 5:29 வந்தது. ஆறாம் நாள் படி இறங்க முடியவில்லை. பத்து நாள் ஓட்டமே இல்லை, அவன் அம்மா தினமும் சூடு எண்ணெய் தேய்த்துவிட்டார்கள். "காலு போச்சுன்னா பட்டாளம் எங்கிட்டுய்யா போவ?" என்று பீடி சுற்றிக்கொண்டே கேட்டார்கள். அதற்கு எங்களிடம் பதில் இல்லை.

பெரிய வீரர்கள் ஏன் பயிற்சிக்கு ஒன்று, பந்தயத்துக்கு ஒன்று வைத்திருக்கிறார்கள் என்று அப்போதுதான் உறைத்தது. பகட்டுக்கு அல்ல. 2023 பெர்லின் மாரத்தானில் டிக்ஸ்ட் அசெஃபா 2 மணி 11 நிமிடம் 53 நொடியில் பெண்கள் உலகச் சாதனை படைத்தபோது போட்டிருந்த அடிடாஸ் ஷூ 138 கிராம்தான், விலை 500 டாலர். அதைச் செய்த கம்பெனியே சொன்னது: ஒரு மாரத்தான், அதற்கு முன்னால் கொஞ்சம் பழகிக்கொள்ளும் ஓட்டம், அவ்வளவுக்குத்தான். கல்யாணத்துக்கு எடுத்த பட்டுச் சேலையாவது அடுத்த கல்யாணத்துக்கு வரும்.

நடுவில் கார்பன் தகடு, துள்ளும் நுரை என்று சொல்கிறார்களே, அது வேறு கதை. அந்த வகை ஷூ எடை குறைவு என்பதால் மட்டும் வேகம் தருவதில்லை. உள்ளே இருக்கும் நுரை, வாங்கின சக்தியைப் பெரும்பகுதி திருப்பித் தருகிறது. முன்பு வந்த மாதிரி ஒன்றில் சுமார் 4 சதவீதம் சக்தி மிச்சம் என்று அளந்தார்கள். ஆளாளுக்கு உயரம் ஏற்றிக்கொண்டே போனதால், 2020இல் உலகத் தடகள அமைப்பு சாலை ஓட்டத்துக்கு 40 மில்லிமீட்டர் உயரம், ஒரே ஒரு தகடு என்று கட்டுப்பாடு போட்டது. 2024 நவம்பரிலிருந்து தடகளப் போட்டிகளில் 20 மில்லிமீட்டர்தான். அந்த விலைக்கு மாப்ள வீட்டில் ஒரு மாதச் சாப்பாடு நடக்கும், அதனால் அந்தப் பக்கம் நாங்கள் போகவில்லை. (நைக்கி ஷூக்கள் நம் திருவண்ணாமலை மாவட்டம் செய்யாறிலேயே தயாராகின்றன என்பது உங்களுக்குத் தெரியுமா? செய்கிற கைகள் நம்முடையவை, போடுகிற கால்கள்தான் வேறு.)

கடைசியில் 226 கிராம் ஷூவைத்தான் வாங்கினான். எலுமிச்சை மூட்டைக் காசில் 1,900 ரூபாய். பந்தய ஷூ வேண்டாம் என்று நான்தான் பிடிவாதமாகச் சொன்னேன். 5 நிமிட ஓட்டத்துக்காக ஒருத்தன் இரண்டு வருடம் பயிற்சி செய்கிறான். அந்தப் பயிற்சியைக் கெடுக்கிற ஷூ எவ்வளவு லேசாக இருந்தால் என்ன? வாரத்தில் ஐந்து நாள் பழைய 338 கிராமில் ஓடுகிறான், மெதுவாக, தலையணை ரோட்டில். வேக ஓட்டம் இருக்கிற இரண்டு நாள் மட்டும் புதுசு. வேலை முடிந்ததும் மண்ணைத் தட்டி, பேப்பரில் சுற்றி, பரணில் வைத்துவிடுகிறான். கனமான ஷூவில் பழகி லேசானதுக்கு மாறும்போது கால் பறக்கிற மாதிரி இருக்கிறதாம். இதில் மனசு எவ்வளவு, ஷூ எவ்வளவு என்று பிரிக்க எங்களால் முடியாது, ஈயக் குண்டை ஒளித்து வைத்துத் தைக்க ஆள் இல்லை :-)

முதல் தடவை 5:31. இரண்டாவது தடவை 5:30, ஆனால் நான் செல்போனில் பொத்தானை அமுக்கியது சரியாக அந்தக் கணமா என்று சத்தியம் செய்ய மாட்டேன். மூன்றாவது தடவை ஆடிக் காற்று மலையிலிருந்து வீசியது, மேற்கே திரும்பும் ஒவ்வொரு சுற்றிலும் ஆளைப் பின்னால் தள்ளியது, 5:32. போன ஞாயிறு 5:29.

ஒரே ஆள் நேரம் பிடித்தால் அரை நொடி முன்னே பின்னே போகிறது. வரும் ஞாயிறு காலை ஐந்தரைக்கு மறுபடி ஓடுகிறான். ஊரில் இருப்பவர்கள் யாராவது இரண்டு பேர் வந்து ஆளுக்கொரு வாட்ச் பிடித்தால் நல்லது. டீ என் செலவு.